அடம் பிடிப்பது யார்?

“புள்ள படிக்க உட்கார மாட்டேங்குது” என்றால், “அம்மாக்காரி என்ன பண்றா?” என்றுதான் ஊர் கேட்கிறது. அப்பா என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

2021 அக்டோபர் 27 அன்று, திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பை ஈடுசெய்ய மாலைதோறும் பாடம் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய். அதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, ஊக்கத்தொகை. பெண் செய்தால் வேலைகூடச் சேவையாகிவிடுகிறது.

மறுக்கும் பிள்ளையை வாசிக்க வைப்பதில் தாய்மையின் மந்திரம் ஏதுமில்லை. புத்தகத்தை அவளே எடுக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து நாம் ஒரு வரி, அவள் ஒரு வரி வாசிக்கலாம். எழுத்துக்கூட்டித் தடுமாறினால் அதட்டாமல் காத்திருக்க வேண்டும். சலிப்பதற்குள், பத்து நிமிடத்தில் மூடிவிடலாம். தண்ணீர்க் குடத்தையும் தம்பியையும் இப்போதுதான் இடுப்பிலிருந்து இறக்கினாள் என்றால், அது அடமல்ல, அசதி. முதலில் இளைப்பாறட்டும்.

இதற்குத் தேவை நேரமும் பொறுமையும்தான். இரண்டும் ஆண்களுக்கும் வரும். செல்பேசியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவும் அண்ணனும் பாயில் வந்து உட்காரட்டும். அதற்கு மறுப்பவர்களைத்தான் நாம் இன்னும் அடம் என்று சொல்லவில்லை.