முதலிடம் உண்டு, நிதி இல்லை

ஒன்றிய கல்வி அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில், மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கென ஒரு தனிப்பட்டியல் 2024ஆம் ஆண்டில் முதன்முறையாக இடம்பெற்றது. அவ்வாண்டு சென்னை அண்ணா பல்கலைக்கழகம் முதலிடத்தையும், கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் இரண்டாமிடத்தையும் பெற்றன. 2025இல் இவை இடம் மாறிக்கொண்டன. இந்த முதலிடத்தால் அப்பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தது என்ன என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

2017இல் மோடி அரசு ‘சீர்மிகு நிறுவனம்’ எனும் திட்டத்தை அறிவித்தது. தேர்வாகும் அரசு நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டுகளில் ரூ.1,000 கோடி வரை வழங்கப்படும் என்றது. இவ்விரு பல்கலைக்கழகங்களும் அதற்குப் பரிந்துரைக்கப்பட்டன. ஆனால், மாநில அரசு தன் பங்காகப் பெருந்தொகைக்கு உறுதியளிக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. மேற்கு வங்க அரசு அத்தொகைக்கு உறுதியளிக்காததால் ஜாதவ்பூர் வாய்ப்பை இழந்தது. 69 சதவீத இட ஒதுக்கீடு பாதிக்கப்படும், கட்டணம் உயரும் என்ற அச்சத்தால் 2020இல் தமிழ்நாடு அரசு அத்தகுதியே வேண்டாம் என்றது. அதே திட்டத்தில், ஒரு மாணவரைக்கூடச் சேர்த்திராத ரிலையன்ஸ் குழுமத்தின் ஜியோ நிறுவனம் 2018 ஜூலையிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டது. இல்லாத நிறுவனத்திற்குச் சீர்மிகு பட்டம் சூட்டிய அரசுதான், இருக்கும் பல்கலைக்கழகங்களைப் பார்த்து ‘தரத்தை மெய்ப்பியுங்கள்’ என்கிறது.

அந்தத் தரம் எவ்வாறு அளக்கப்படுகிறது? பல்கலைக்கழகங்களுக்கான மதிப்பெண்ணில் 30 சதவீதம் ஆய்வுக்கும், 10 சதவீதம் பிறர் கொண்டுள்ள ‘மதிப்பீட்டு எண்ண’த்திற்கும் உரியது. ஆய்வு என்பது பெரும்பாலும் கட்டுரைகளின் எண்ணிக்கை, அவை மேற்கோள் காட்டப்பட்ட தடவைகள், காப்புரிமைகள், திரட்டிய பணம் ஆகியவையே. கட்டுரைகளை எண்ணித்தரும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்கள் பன்னாட்டு நிறுவனங்களின் உடைமை. வங்காளியிலும் தமிழிலும் ஒடியாவிலும் வரும் ஆய்விதழ்களுக்கு அவற்றில் இடம் மிகக் குறைவு. தாய்மொழியில் எழுதும் அறிஞர் இக்கணக்கில் ஏறத்தாழ இல்லாதவராகிறார்.

ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேர், சுதேசி இயக்கக் காலத்தில் 1906இல் உருவான தேசியக் கல்விக் கழகத்தில் இருக்கிறது. அதன் சுற்றுச்சூழல் ஆய்வுப் பள்ளியைச் சேர்ந்த தீபங்கர் சக்ரவர்த்தியும் அவருடைய குழுவினரும் 1988 முதல் ஊர் ஊராகச் சென்று, வங்கத்தின் நிலத்தடி நீரில் கலந்திருந்த ஆர்சனிக் நஞ்சை ஆராய்ந்தனர். அந்த ஆய்வுக் கட்டுரைகளுக்குத் தரவரிசையில் மதிப்பெண் உண்டு. நஞ்சு நீரென்று அறிந்து ஒரு கிராமம் குடிப்பதை நிறுத்திய குழாய்க் கிணற்றுக்கு எந்தக் கட்டத்திலும் மதிப்பெண் இல்லை. வட்டாரப் பொதுப் பல்கலைக்கழகம் எதற்காக இருக்கிறதோ, அதுவே கணக்கில் விடுபடுகிறது.

நிதி ஆயோக் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, உயர்கல்வி மாணவர்களில் சுமார் 81 சதவீதத்தினர் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களையும் அவற்றின் கல்லூரிகளையும் சார்ந்தே பயில்கின்றனர். அங்கே ஆசிரியர் பணியிடங்களில் 40 சதவீதத்திற்கும் மேல் காலியாக உள்ளன. தொகுப்பூதியத்தில் வகுப்பெடுத்துவிட்டு அடுத்த பருவத்தில் வேலை உண்டா என்று காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளர் எப்போது ஆய்வு செய்வார்? ஊட்டத்தை மறுத்துவிட்டு எடையைக் கேட்கும் ஏற்பாடு இது.

இந்த எடைதான் இப்போது உரிமைகளையும் தீர்மானிக்கிறது. 2018இன் யுஜிசி தன்னாட்சி விதிகள் தரச்சான்று மதிப்பெண்ணையோ உலகத் தரவரிசையையோ அளவுகோலாக்கின. முழு இணையவழிப் பட்டப்படிப்பு நடத்தும் அனுமதிக்கு என்ஐஆர்எஃப் முதல் நூறு இடங்களும் ஒரு தகுதியாயின. உள்ளவருக்கே மேலும் சேர்கிறது. பின்தங்கியவர் எண்ணிக்கைக்காக எழுத நெருக்கப்படுகிறார். திரும்பப் பெறப்படும் கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறையை 2025இல் தரவரிசை அமைப்பே கொண்டுவர நேர்ந்தது இந்நோயின் அறிகுறி.

மக்கள் பணத்தில் இயங்கும் நிறுவனம் மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா? கட்டாயம் காட்ட வேண்டும். மதிப்பீட்டை இடதுசாரிகள் மறுக்கவில்லை. ஆய்வை அது வெளியான இதழை வைத்து அளக்காமல், அதன் உள்ளடக்கத்தை வைத்தே மதிப்பிட வேண்டும் என்று சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012லேயே கோரியது. 2020இல் 7 ஐஐடிகள் டைம்ஸ் உலகத் தரவரிசையைப் புறக்கணித்தன. 2024இல் சூரிச் பல்கலைக்கழகம் அதிலிருந்து விலகியது. வலியவர்கள் தனித்து விலகலாம். மானியத்திற்குக் கையேந்தி நிற்கும் ஒரு மாவட்டப் பல்கலைக்கழகத்தால் அது இயலாது. அதற்குக் கூட்டுப் போராட்டமே வழி.

கேரளப் பல்கலைக்கழகங்கள் பட்டியலில் முன்னேறும்போது நாமும் பெருமைப்படுகிறோம். அப்பெருமை அந்த அளவுகோலுக்கு நாம் தரும் ஒப்புதலாகிவிடக் கூடாது. இடம் உயரும்போது மெச்சினால், இடம் சரியும்போது நிதிவெட்டை எதிர்க்கும் நியாயத்தை இழப்போம்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். காலிப் பணியிடங்கள் இட ஒதுக்கீட்டு நெறிப்படி நிரந்தரமாக நிரப்பப்பட வேண்டும். இதில் மாநில அரசுகளின் பொறுப்பும் தட்டிக்கழிக்க முடியாதது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்கு ஒன்றிய அரசு நேரடி நிதி வழங்க வேண்டும். தரவரிசைக்கும் நிதி, அனுமதிகளுக்கும் இடையிலான முடிச்சு அவிழ்க்கப்பட வேண்டும். இந்திய மொழிகளில் வெளியாகும் ஆய்வுகளும், வட்டார மக்களின் வாழ்வைத் தொட்ட ஆய்வுகளும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். மாணவர், ஆசிரியர் அரங்குகளில் பணிபுரியும் தோழர்கள் இக்கோரிக்கைகளை வளாகத்திற்குள் மட்டுமின்றி, தம் பிள்ளைகளை அங்கே அனுப்பும் உழைப்பாளி மக்களிடமும் கொண்டுசெல்ல வேண்டும். பல்கலைக்கழகம் அவர்களுடையது, அதை அளக்கும் கோலும் அவர்கள் கையில் இருக்கட்டும்.