அலுமாரியின் மேல் ஏழு கார்கள்

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியை ஒட்டிய ஒழுங்கையில், என் தங்கையின் மகன் குடும்பத்தோடு குடியிருக்கிறான். சென்ற மாதம் அங்கு போயிருந்தபோது அவனுடைய மகன், வயது பன்னிரண்டு, கதிரையில் ஏறி அலுமாரியின் மேலிருந்து ஒரு கடதாசிப் பெட்டியை இறக்கி என் முன்னே வைத்தான். உள்ளே ஏழு றிமோட் கார்கள். ஒன்றுகூட ஓடாது. ஒன்றில் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. இன்னொன்றில் முன் சக்கரம் திரும்புவதில்லை. மூன்றாவதின் றிமோட் எங்கே என்று யாருக்கும் தெரியாது. மற்றவை ஏன் நின்றன என்பதே தெரியாது.

"தாத்தா, இதெல்லாம் திருத்த ஏலாது. பாட்ஸ் இல்லை" என்றான் பையன். பிறகு ஒரு கொப்பியைக் காட்டினான். அதில் அவன் சேர்த்து வைத்திருக்கும் 45,000 ரூபாவுக்கு எந்த லொறியை வாங்கலாம் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தான். அவன் கேட்பது கடையில் பளபளக்கும் பெட்டியில் வரும் சாமான் அல்ல. கழற்றிப் பூட்டக்கூடிய, உதிரிப்பாகம் கிடைக்கக்கூடிய, பொழுதுபோக்காளர் தரத்தில் செய்யப்பட்ட தொலைக்கட்டுப்பாட்டு லொறி.

அவனுடைய தகப்பன் ஒரே வசனத்தில் கதையை முடித்தான். "விளையாட்டுச் சாமானுக்கு நாற்பத்தையாயிரமா, மாமா?"

இந்தக் கேள்விக்கு எதிராகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். இது என் மருமகனின் கேள்வி மட்டுமல்ல. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், ரொறன்ரோவிலும் லண்டனிலும், நம்மவர் வீடுகளில் நாள்தோறும் கேட்கப்படும் கேள்வி. இதைச் சிக்கனத்தின் குரல் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். நான் அதை ஊதாரித்தனத்தின் குரல் என்கிறேன்.

கணக்கைப் பார்ப்போம். அந்த ஏழு கார்களும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறாயிரம் ரூபா பெறுமதியானவை என்று தகப்பனே ஒப்புக்கொண்டான். ஆறேழு நாற்பத்திரண்டு. நான்கு ஆண்டுகளில் 42,000 ரூபா அலுமாரியின் மேல் ஏறிவிட்டது. மகன் கேட்கும் தொகைக்கும் தகப்பன் ஏற்கெனவே தொலைத்த தொகைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மூவாயிரம் ரூபா மட்டுமே.

இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாததே இந்தத் தவறின் வேர். கடைச் சாமானில் றேடியோ வாங்கி, வேகக் கட்டுப்பாடு, திருப்பும் பொறி எல்லாம் பெரும்பாலும் ஒரே பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். ஒன்று போனால் அனைத்தும் போகும். திருப்பம் முழு இடம், நேர், முழு வலம் என்று மூன்றே நிலைதான். பொழுதுபோக்காளர் தரத்து வண்டியில் மோட்டார் தனி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தனி, சக்கரத்தைத் திருப்பும் சேர்வோ தனி, றேடியோ வாங்கி தனி. விரல் எவ்வளவு அசைகிறதோ அவ்வளவே சக்கரமும் அசையும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. உடைந்ததை மட்டும் வாங்கி மாற்றலாம். முன்னது முறிந்தவுடன் குப்பையாகிறது. பின்னது முறிந்தவுடன் பாடம் தொடங்குகிறது.

இந்தப் பொழுதுபோக்கு நேற்று முளைத்ததல்ல. யப்பானின் ஷிசுவோகா நகரில் 1946இல் மரவேலை நிறுவனமாகத் தொடங்கிய தமியா, 1976இல் போர்ஷே 934 காரின் மாதிரியைத் தனது முதலாவது தொலைக்கட்டுப்பாட்டுக் காராக வெளியிட்டது. 1987இல் அது வெளியிட்ட 'லஞ்ச் பொக்ஸ்' என்ற வான் 2005இல் மீண்டும் சந்தைக்கு வந்தது. பெட்டியைத் திறந்தால் ஓடத் தயாரான வண்டி இருக்காது. பாகங்களும் திருகாணிகளும் படம் போட்ட கையேடும்தான் இருக்கும். பிள்ளையே பூட்ட வேண்டும். பூட்டியவனுக்குக் கழற்றவும் தெரியும். அமெரிக்காவின் ட்ராக்ஸஸ் நிறுவனத்தின் 'ஸ்டாம்பீட்' போன்றவை பூட்டிய நிலையில் வந்தாலும் உதிரிப்பாகம் தாராளமாகக் கிடைப்பதால் பெயர் பெற்றவை.

ஆனால் இவற்றின் விலை நமக்கு எட்டாது என்பதை மறுப்பதற்கில்லை. ஸ்டாம்பீட் அமெரிக்காவிலேயே 200 டொலருக்கு மேல். 2022இல் நம்முடைய ரூபா ஒரு டொலருக்கு 200 என்ற நிலையிலிருந்து 360 வரை சரிந்து, பின்னர் 300ஐ ஒட்டி நின்றது. அதன் மேல் அனுப்புக் கூலி, தீர்வை. ஆகவே, நல்லது வேண்டுமென்றால் பெரியதை வாங்கு என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் என் மருமகனின் கேள்விக்குத் தீனி போடுபவர்கள்.

பையனின் கொப்பியில் முதலிடம் பெற்றிருந்தது "மணிக்கு 70 கிலோமீற்றர்" என்று விளம்பரம் செய்யப்படும் ஒரு லொறி. அதை அடித்துவிடச் சொன்னேன். வேகம் இரு மடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்காகும். இரண்டு கிலோ எடையுள்ள ஒரு பொருள் அந்த வேகத்தில் ஓடுவதற்குக் கொட்டாஞ்சேனையில் இடம் எங்கே? ஒழுங்கையில் முச்சக்கர வண்டிகளும் கைக்குழந்தைகளும். வெள்ளவத்தையில் அடுக்குமாடிக்குக் கீழே நிற்பவையும் வாகனங்களே. மரைன் டிரைவைத் தாண்டினால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். தண்டவாளத்தைக் கடந்து பிள்ளையைக் கடற்கரைக்கு அனுப்பாதீர்கள். 'நீர்புகாதது' என்ற பெட்டி வாசகத்தை நம்பிக் கடல் நீரிலும் மணலிலும் இறக்காதீர்கள். அந்த வாசகம் மின்கருவிகளைப் பற்றியதே. உப்பு நீர் பட்ட பெயரிங்குகள் துருப்பிடிப்பதை எந்த வாசகமும் தடுக்காது.

நம்முடைய நெருக்கமான வாழ்விடங்களுக்குப் பொருத்தமானது, மெதுவாக ஏறி இறங்கும் நான்கு சக்கர இயக்க லொறி. ஆங்கிலத்தில் 'குரோலர்' என்பார்கள். அதற்கு மைதானம் தேவையில்லை. மாடிப்படி போதும். நான்கு செங்கல், இரண்டு பலகை, மொட்டை மாடியின் ஒரு மூலை போதும். சீனாவின் டபிள்யூ.பி.எல். நிறுவனம் செய்யும் சி-24 போன்ற, உண்மை வாகனத்தின் பதினாறில் ஒரு பங்கு அளவுள்ள சிறு லொறிகள் வெளிநாட்டுச் சந்தையில் பெரும்பாலும் 50 டொலருக்குள் விற்கப்பட்டு வந்திருக்கின்றன. குறைபாடு இல்லாதவை அல்ல. பல்சக்கரம் பிளாஸ்ரிக். மோட்டார் சிறியது. சில பதிப்புகளில் றேடியோ வாங்கியும் வேகக் கட்டுப்பாடும் ஒரே பலகையில்தான். ஆனால் பூட்டப்படாத பாகத் தொகுதியாகவும் கிடைக்கின்றன. உலோகப் பல்சக்கரம் முதல் அச்சு வரை தனித்தனியே விற்பனைக்கு உண்டு. இன்று பிளாஸ்ரிக், அடுத்த பிறந்தநாளுக்கு உலோகம் என்று வளர்த்துக்கொண்டு போகலாம்.

எதை வாங்கினாலும் பணத்தைக் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில. பல்சக்கரமும் அச்சும் தனியாகக் கிடைக்குமா? இல்லையென்றால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். சேர்வோவிலிருந்து வரும் வயர் மூன்றா, ஐந்தா? மூன்று என்றால் உலகில் எந்த நிறுவனத்தின் சேர்வோவையும் மாற்றிப் போடலாம். ஐந்து என்றால் அந்த ஒரு நிறுவனத்திடமே மாட்டிக்கொண்டீர்கள். றிமோட் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைச் சேர்ந்ததா? பழைய 27 மெகாஹேர்ட்ஸ் கருவிகளில் இருவர் ஒரே அலையில் ஓட்டினால் ஒருவர் வண்டி மற்றவர் கைக்குப் போகும். மோட்டார், தூரிகை உள்ள பழைய வகையாயினும் பாதகமில்லை. விலை குறைவு, தொடங்குபவனுக்குத் தாராளமாகப் போதும்.

அடுத்தது பற்றறி. இதில் சிக்கனம் பார்ப்பவர் வீட்டைக் கொளுத்தத் துணிந்தவர். லிதியம் பொலிமர் பற்றறியின் ஒவ்வொரு கலமும் 3.7 வோல்ற்; முழுதாக ஏறும்போது 4.2. அதற்கு மேல் ஏற்றவும் கூடாது, 3 வோல்ற் வரை வடிய விடவும் கூடாது. இரண்டு கலமுள்ள பற்றறிக்கு ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே சமப்படுத்தும் சார்ஜர் வேண்டும். 2,000 மில்லி அம்பியர் மணி பற்றறிக்கு 2 அம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டாம். இரவில் சார்ஜில் போட்டுவிட்டு உறங்க வேண்டாம். ஊதிய பற்றறியை மறுபடி பயன்படுத்த வேண்டாம். வீட்டில் பெரியவர் மேற்பார்வை இல்லையென்றால் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பற்றறியோடு தொடங்குங்கள். எடை கூட, ஓட்ட நேரம் குறைவு, ஆயினும் தவறுகளைச் சற்றுப் பொறுக்கும்.

ஆகவே 45,000 ரூபாவும் லொறிக்கல்ல. எவ்வளவு வைத்திருந்தாலும் அதில் மூன்றிலொரு பங்கை வாங்கும் நாளில் தொடவே கூடாது. சார்ஜர், மேலதிக பற்றறி, நல்ல ஸ்குரூ டிறைவர், முறியப்போகும் முதலாவது பல்சக்கரம் ஆகியவை அந்தப் பங்கில்தான் வர வேண்டும். வயரும் இணைப்பானும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கலாம். இருப்பதையெல்லாம் பெரிய லொறியில் போட்டவர், முதல் முறிவோடு எட்டாவது காரை அலுமாரியின் மேல் ஏற்றுவார்.

சாப்பாட்டுக்கே திண்டாடும் நாட்டில் இது ஒரு விடயமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இல்லாதவரை வாங்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் ஆண்டுதோறும் இரண்டு குப்பைக் கார்களை வாங்கும் வீடு, மாதந்தோறும் நான்கு ரியூஷன்களுக்குக் கணக்குப் பார்க்காமல் கட்டும் வீடு, பிள்ளையின் கையில் ஸ்குரூ டிறைவரைக் கண்டதும் ஏழ்மையை நினைவுகூர்வது பொருந்தாது. விஞ்ஞானப் பாடத்தில் மின்சுற்றுக்குப் புள்ளி எடுக்க வேண்டும். ஆனால் வீட்டில் வயரைத் தொடக்கூடாது. இதற்குப் பெயர் கல்வி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1990இற்குப் பின் வடக்கிற்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பற்றறியும் அடங்கியிருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். எதையும் திருத்தி ஓடவைத்த அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு, முறிந்ததை எறிந்துவிட்டுப் புதியதைக் கேள் என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம்.

என் மருமகனின் மறுப்புக்கு வேறொரு காரணமும் உண்டு. அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கி மீது குண்டுத் தாக்குதல் நடந்த பின்னர் கொழும்பில் சோதனை கடுமையாக இருந்த காலம். அவனுக்கு அப்போது எட்டு வயது. புறக்கோட்டையில் ஒரு றிமோட் கார் வாங்கிக் கொடுத்து, அவனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். வழியில் ஒரு சோதனைச் சாவடி. பற்றறி, வயர், அன்ரெனா. கையில் தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டை. பத்திரிகையாளர் அட்டையைக் காட்டியது நிலைமையை மோசமாக்கிற்று. இரண்டு மணி நேரத்தின் பின் எங்களைப் போக விட்டார்கள். கார் துண்டு துண்டாகப் பையில் இருந்தது. எனக்கு அதைப் பூட்டத் தெரியவில்லை. அழுதுகொண்டிருந்த பிள்ளையிடம், "எறிந்துவிடு, வேறு வாங்கித் தருகிறேன்" என்றேன். வாங்கிக் கொடுக்கவில்லை. வயரோடு எந்தச் சாமானும் வீட்டுக்கு வரக்கூடாது என்று தங்கை சொல்லிவிட்டாள்.

அன்று பூட்டத் தெரிந்திருந்தால், அந்த இரவு அவனையும் பக்கத்தில் இருத்தி அதைப் பூட்டியிருப்பேன். அதைவிடப் பெரிய ஆறுதல் அந்தப் பிள்ளைக்கு இருந்திருக்காது. எறி என்று முதலில் சொன்னவன் நான்தான். ஆகவே இந்தக் கண்டனத்தில் எனக்கும் பங்குண்டு.

புலம்பெயர்ந்த உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. விடுமுறைக்கு வரும்போது பெட்டி நிறையப் பளபளக்கும் கார்களைக் கொண்டுவராதீர்கள். பிள்ளை எந்த வண்டி வைத்திருக்கிறான் என்று கேட்டு, அதன் பல்சக்கரம் நான்கும் ஒரு நல்ல சேர்வோவும் கொண்டுவாருங்கள். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். தனி லிதியம் பற்றறியைத் தபாலில் அனுப்ப முயலாதீர்கள். விமானத்தில் கொண்டுவருவதானால் முனைகளை மூடிக் கைப்பையில் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. றேடியோ அலையில் இயங்கும் கருவிகளுக்கு இங்கு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகள் உண்டு, அனுப்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மருமகன் இன்னும் சம்மதிக்கவில்லை. நேரில் சொன்னால் "சரி மாமா" என்று தலையாட்டிவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விடுகிறான். நான் எழுதுவதை அவன் தவறாமல் வாசிப்பவன் என்பதால் இங்கே எழுதுகிறேன். தம்பி, அந்தப் பணம் உன்னுடையதல்ல, பிள்ளை சேர்த்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருகிறேன். முதலில் அந்தப் பழைய ஏழையும் கழற்றுவோம். ஏழில் ஒன்றையாவது ஓடவைக்க முடிகிறதா என்று மூவரும் பார்ப்போம். ஸ்குரூ டிறைவர் நான் கொண்டுவருகிறேன்.