2,499 ரூபாய்க் கோடு

'கட்டண மறுசீரமைப்பு' என்கிற வார்த்தையை எழுதுகிறவன் எவனும் அந்தக் கட்டணத்தைக் கட்டுகிறவனாய் இருந்ததில்லை. நான் வங்கிக் குமாஸ்தா. சேவைக் கட்டணம் திருத்தப்படுகிறது என்று மேலேயிருந்து சுற்றறிக்கை வரும். நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது என் வேலை. மினிமம் பேலன்ஸ் இல்லையென்று ஒரு மூட்டை தூக்குகிறவரின் கணக்கில் பணம் பிடித்துவிட்டு "ரூல்ஸுங்க" என்று சொன்ன வாய்தான் இது. மாலையில் வீட்டுக்குப் போய்க் கவிதையும் எழுதும். ஆகவே கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பவனின் மொழி எனக்கு நன்றாகவே தெரியும். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

2023 மார்ச்சில் ஜிப்மரில் 63 வகை உயர் பரிசோதனைகள், சிகிச்சைகளுக்குக் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. கட்சிகளும் இயக்கங்களும் கண்டித்தன. 2008-இல் ஜிப்மருக்குத் தனிச் சட்டம் போட்டுத் தன்னாட்சி கொடுத்தபோதே, இலவச சிகிச்சை போய்விடும் என்று புதுச்சேரியில் தெருவில் இறங்கினார்கள். ஏழைக்கு ஒன்றும் ஆகாது என்று அப்போது சமாதானம் சொன்னார்கள். 2023-லும் அதே சமாதானம்: ஏழைக்கு விலக்கு உண்டு. ஏழை யார்? மாத வருமானம் 2,499 ரூபாய்க்குள் இருப்பவர்.

அந்த 63-இல் எது இருந்தது, எது இல்லை என்பதல்ல என் சண்டை. இந்தக் கோடுதான் என் சண்டை.

கணக்குப் போடுவது என் பிழைப்பு, போட்டுக் காட்டுகிறேன். 2,499-ஐ முப்பதால் வகுத்தால் நாளுக்கு 83 ரூபாய். 2023-24-இல் நூறுநாள் வேலைக்குப் புதுச்சேரியில் மத்திய அரசே நிர்ணயித்த கூலி 294 ரூபாய். மாசத்தில் ஒன்பது நாள் வேலை கிடைத்துவிட்டால் 2,646. தீர்ந்தது கதை, அவன் ஏழையில்லை. மீதி இருபத்தோரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் இல்லை. கட்டணத்துக்கு மட்டும் இந்த வருஷத்து விலைவாசி, வறுமைக்கு எந்த வருஷத்து விலைவாசி? கட்டணத்தைப் புதுப்பிக்கிற பேனா வருமான வரம்பைத் தொடும்போது மட்டும் மை வற்றிப்போகிறது.

உடம்புக்கு வந்த நோயாளிக்கே இப்படியென்றால் மனசுக்கு வந்த நோயாளி இந்தக் கோட்டை எப்படித் தாண்டுவான்? மனநோய் ஒரு ஊசியோடு முடிகிற சமாச்சாரமில்லை. மாத்திரை வருஷக்கணக்கில் ஓடும். லித்தியம் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கணும். குளோசபின் சாப்பிடுகிறவருக்கு வெள்ளையணுக்களை எண்ணிக்கொண்டே இருக்கணும். ஒவ்வொரு தடவையும் கூட ஒரு ஆள் போகணும், ஆக ரெண்டு பேர் கூலி போச்சு. 2015-16-இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, குடும்பங்கள் சிகிச்சைக்கும் போக்குவரத்துக்குமாக மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவழிப்பதாகச் சொன்னது. 2,499-க்குக் கீழே இருக்கிறவனுக்கு அது வருமானத்தில் பாதி. 'விலக்கு' பெற்றவனின் நிலைமையே இது.

எங்க பெரியம்மா மகனைப் பற்றிச் சொல்லணும். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர். ஒருநாள் படகுகள் தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னார். அப்புறம் வேலைக்குப் போகவில்லை. உப்பனாற்றங்கரைப் பக்கம் போய்ப் பொழுதுக்கும் உட்கார்ந்திருப்பார். ஒரு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம், பெயர் வேண்டாம். கவுண்டரில் வருமானச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு அலைந்தால், ஆள் நேரில் வரணும் என்றார்கள். "அவன் வூட்ட விட்டே வரமாட்டேங்குறான், எப்படிய்யா இட்டாறது?" என்று பெரியம்மா கேட்டதற்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி ஆஸ்பத்திரி. கவுண்டர்க்காரர் என்னைப் பார்த்து, "சார், நீங்க பேங்க்லதான இருக்கீங்க, நீங்களே கட்டிடலாமே" என்றார். கட்டினேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்குப் பாரம் ஆயிட்டோம்பா" என்றது. கட்டணம் என்ன செய்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேரியில் ஒருத்தன் படித்து வேலைக்குப் போய்விட்டால் அவன் வம்சத்தின் நோயெல்லாம் அவன் சம்பளத்தில் ஏற்றப்படும். அரசு கைகழுவிக்கொள்ளும்.

அந்தச் சான்றிதழே தேவையில்லை என்று சட்டம் இருப்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது, வெட்கத்தோடு சொல்கிறேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு 18(7) சொல்கிறது: வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழும் மனநோயாளி, கையில் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதேபோல ஆதரவற்றவர், வீடற்றவர், அரசு நடத்துகிற அல்லது அரசுப் பணம் பெறுகிற மனநல நிலையம் எதிலும் ஒரு காசு செலவில்லாமல் சிகிச்சை பெறலாம். அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும்! சிவப்பு அட்டையா மஞ்சள் அட்டையா என்று கேட்கிற வாயை அடைக்க இந்த ஒரு வரி போதும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளோ, சமுதாய நல மையத்திலிருந்து மேலே எல்லா அரசு மருத்துவ நிலையங்களிலும் மனநோயாளிகள் எல்லாருக்கும் இலவசம், அதற்கு வருமானக் கோடே கிடையாது. சாதியின் பேரால் பாகுபாடு கூடாது என்றும் அதே பிரிவு எழுதி வைத்திருக்கிறது.

இதை எங்கேயாவது போர்டில் எழுதி மாட்டியிருக்கிறார்களா? கட்டணப் பட்டியலை மட்டும் எவ்வளவு பெரிய எழுத்தில் மாட்டுகிறார்கள்!

இந்த இடத்தில் நம் அறிவுஜீவி நண்பர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஃபூக்கோவைப் படித்துவிட்டு, பைத்தியம் என்பதே அதிகாரத்தின் சொல்லாடல், மருத்துவமனை என்பதே சிறை என்று டீக்கடையில் பேசுகிறார்கள். நானும் பேசியிருக்கிறேன். பாரிஸில் 1656-இல் ஏழைகளையும் பித்தர்களையும் சேர்த்து அடைத்த வரலாறு நாம் அறிய வேண்டியதுதான். ஆனால் நம் சனங்களின் பிரச்சினை ஆஸ்பத்திரி அவர்களை உள்ளே இழுப்பதல்ல, வெளியே நிறுத்துவது. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? ஏர்வாடிக்குப் போனார்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் சங்கிலியோடு கிடந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்தார்கள், 28 பேர் செத்தார்கள். அந்தச் சங்கிலியைக் கட்டுடைக்க எந்தக் கோட்பாடும் அன்றைக்கு வரவில்லை.

இலவசம் என்றால் தரம் போய்விடும், பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: உகாண்டா 2001-இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணத்தை எடுத்தது, ஏழைகள் வந்து நின்றார்கள். அதுவரை வராதவர்கள் நோயில்லாமலா இருந்தார்கள்? நம் நாட்டிலேயே 1946-இல் போர் கமிட்டி, பணமில்லாத காரணத்தால் ஒருவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக்கூடாது என்றுதான் எழுதியது. புதுச்சேரியில் பணமா இல்லை? இங்கே சாராயக்கடையையும் கள்ளுக்கடையையும் அரசே ஏலம் விடுகிறது. கலால் வரி கஜானாவுக்கு முக்கிய வரும்படி. குடிக்கிறவனிடம் வாங்கு, குடியை விட வருகிறவனிடமும் வாங்கு என்றால் அதற்கு என்ன பேர் வைப்பது? 2022-இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நாட்டில் லட்சம் பேருக்கு 12.4 தற்கொலைகள். புதுச்சேரியில் 29.7. சிக்கிம், அந்தமானுக்கு அடுத்த மூன்றாவது இடம். இந்த ஊரில் மனநல மருத்துவத்துக்கு முன்னால் பணப்பெட்டி வைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறார்களா?

கேட்க ஒரு கவுன்சிலர் உண்டா என்றால், அதுவும் இல்லாமல் வருஷங்கள் ஓடின. 1968-க்குப் பிறகு 38 வருஷம் கழித்து 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடத்தினார்கள். 2011-இல் பதவிக்காலம் முடிந்தது. அப்புறம் பத்தாண்டுக்கும் மேலாகத் தேர்தல் இல்லை. எங்கள் வார்டு ஆபீசர் கையில் கிடந்தது.

அயோத்திதாசர் சித்த மருத்துவர். அவர் 1907-இல் தொடங்கிய பத்திரிகையின் பேரே 'ஒரு பைசாத் தமிழன்'. நம் சனம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை முதலில் யோசித்துவிட்டு அப்புறம் விலை வைத்த மனுஷன்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 18(7)-ஐத் தமிழில் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து ஒரு தாளில் எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் விடிகாலை பஸ்ஸில் வந்து வரிசையில் நிற்கிறவர்களிடம் கொடுங்கள். கவுண்டரில் பணம் கேட்டால், எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள், எனக்குத் தெரியும், நானும் தரமாட்டேன். அப்போது பிரிவு 28-இன்படி பொறுப்பு மருத்துவ அதிகாரிக்குப் புகார் எழுதுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போங்கள். பிரிவு 27-இல் இலவச சட்ட உதவியும் உண்டு. எங்கள் அண்ணனுக்கான புகாரை நான் எழுதி முடித்துவிட்டேன். பெரியம்மா கைநாட்டு வைத்துக் கொடுத்திருக்கிறது. திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன், மரப்பாலம் ஸ்டாப்பில் காலை ஏழு மணிக்கு நிற்பேன்.