“தெரிஞ்சுதானே குடிச்சான்” என்பவர்களுக்கு

புகைத்து நோயாளியானவர் சிகரெட் கம்பெனியிடம் இழப்பீடு கேட்கலாமா? பூந்தமல்லி கோர்ட்டுப் பக்கம் டீ குடிக்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். “தெரிஞ்சுதானே குடிச்சான், கம்பெனி என்ன பண்ணும்?” என்பார்கள். வக்கீல்களும் அதையே கொஞ்சம் சட்டம் கலந்து சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் நிற்காது.

முதலில், “பாக்கெட்டிலேயே படம் போட்டிருக்கிறதே” என்ற வாதம். டிரங்க் ரோட்டுப் பெட்டிக்கடையில் ஒன்று, இரண்டு என்று உதிரியாக வாங்குகிறவர் கைக்குப் படமும் வராது, எழுத்தும் வராது. எச்சரிக்கை கம்பெனிகள் தாமாகப் போட்டதும் அல்ல. 1975-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியதால் ஒரு வரி வந்தது. படம் 2009-ல்தான் வந்தது. இன்று 65 வயதில் மூச்சு வாங்குகிறவர் இருபதில் பழகியபோது படம் ஏது? பாக்கெட்டில் 85 சதவீதம் எச்சரிக்கை என்ற விதி 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது பெரிய கம்பெனிகள் உற்பத்தியையே நிறுத்தின. அவர்கள் தரப்பு வழக்கில் 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்ததால் படம் தப்பியது. எச்சரிக்கையைச் சுருக்கக் கோர்ட்டுப் படியேறியவர்களே “எச்சரித்தோமே” என்றும் சொல்வது நல்ல வேடிக்கை.

“வேண்டாமென்றால் விட்டிருக்கலாமே?” 1994 ஏப்ரலில் ஏழு அமெரிக்கக் கம்பெனித் தலைவர்கள் நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்து, நிகோட்டின் அடிமையாக்காது என்றார்கள். 2006-ல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், கம்பெனிகள் பல பத்தாண்டுகளாக மக்களை ஏமாற்றியதாகத் தீர்ப்பெழுதினார். ஏமாற்றப்பட்டவனின் இஷ்டத்தை இஷ்டம் என்று எப்படிக் கணக்கிடுவது?

“நோய் எதனாலும் வரலாம்” என்பது மூன்றாவது. சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்த சுமார் 43,000 ஆண்களைப் பற்றி கஜலட்சுமி குழுவினர் நடத்திய ஆய்வு 2003-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்கு என்று அது காட்டியது. கனடாவின் கியூபெக் மாகாணம் 2009-ல் சட்டமே இயற்றி, இத்தகைய மக்கள்தொகை ஆய்வுகளைக் கொண்டே காரணத்தை நிறுவலாம் என்றது. 1998-ல் அங்கே தொடுத்த நோயாளிகளின் வழக்கு 2015-ல் வென்றது. கடைசியில் 2025 மார்ச்சில், கனடா முழுவதற்குமாக மூன்று கம்பெனிகள் 3,250 கோடி கனடிய டாலர் தரும் ஏற்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது.

நம் சட்டத்தில் முட்டுக்கட்டை உண்டு, மறைக்க வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தை எச்சரிக்கவில்லை என்று தயாரிப்பாளரைப் பிடிக்க முடியாது என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆவது பிரிவு. பீடி பிடித்தவருக்கு எந்தக் கம்பெனி என்று காட்டுவதே பாடு. தனி நோயாளி இங்கே தோற்கலாம். ஆனால் அரசு புகைக்கவில்லையே! முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பணம் கட்டுவது தமிழ்நாடு அரசு. அதனிடம் “தெரிஞ்சுதானே குடிச்சே” என்று யார் சொல்ல முடியும்? அமெரிக்காவில் தனிமனிதர்கள் பல பத்தாண்டுகள் தோற்றுக்கொண்டிருந்தார்கள். 1994-ல் மிசிசிப்பி மாநிலம் மருத்துவச் செலவைக் கேட்டு வழக்குப் போட்டதும் ஆட்டம் மாறியது. 1998-ல் 46 மாநிலங்களுக்கு 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் தர கம்பெனிகள் ஒப்புக்கொண்டன.

“அரசுதான் வரி வாங்குகிறதே?” அமெரிக்க மாநிலங்களும் வாங்கின, வாங்கிக்கொண்டே வழக்கும் போட்டன. 2017-18 கணக்குப்படி இந்தியாவில் புகையிலையால் ஏற்பட்ட இழப்பு 1,77,341 கோடி ரூபாய். கலால் வரியாக வந்த ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 816 ரூபாய் போனது. ஆயுள் காப்பீடு விற்கும் எல்.ஐ.சி.யே சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யின் பெரிய பங்குதாரர்களில் ஒன்றாக இருப்பது தனிக் கூத்து.

பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. இழப்பீட்டுக்குரிய தீங்குகள் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. கியூபெக் செய்ததைச் சட்டமன்றம் செய்யலாம். நம் தொகுதி உறுப்பினரிடம் கேளுங்கள். அதுவரை காத்திருக்க முடியாத நோயாளிகள் ஒன்றை மறக்க வேண்டாம்: பூந்தமல்லிக்காரர் போக வேண்டியது திருவள்ளூர் நுகர்வோர் ஆணையத்துக்கு, கெடு இரண்டே ஆண்டு. நோயைக் கண்டறிந்த நாளின் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.