நவம்பர் 17 நாட்டின் நாளாகட்டும்

ஆண்டுதோறும் நவம்பர் 17-ஆம் நாளைத் தேசிய வலிப்பு நோய் நாளாக நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்களும் தொண்டு அமைப்புகளும் கடைப்பிடித்து வருகின்றனர். முகாம்கள் நடக்கின்றன, துண்டறிக்கைகள் வழங்கப்படுகின்றன. ஆயினும் அது ஆர்வலர்களின் நாளாகவே நின்றுவிட்டது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எதுவும் அதற்குப் பின்பலமாக இல்லை. இக்குறையை நடுவண் அரசு நீக்கியாக வேண்டும்.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தியாவில் மட்டும் இவர்கள் ஒரு கோடிக்குக் குறையார் என்பது மருத்துவர்களின் மதிப்பீடு. முறையான சிகிச்சை கிடைத்தால் பதின்மரில் எழுவர் வரை வலிப்பின்றி வாழ இயலும். 1912-ஆம் ஆண்டிலேயே இந்நோய்க்குப் பயன்படத் தொடங்கிய பீனோபார்பிடோன், இன்றும் மிக மலிவாகக் கிடைக்கும் மருந்து. இவ்வளவு இருந்தும், வறிய நாடுகளில் நோயாளிகள் நால்வரில் மூவர் தமக்குரிய சிகிச்சையைப் பெறுவதில்லை. மருந்துத் தட்டுப்பாடும் மருத்துவர் பற்றாக்குறையும் இதற்குக் காரணங்கள்தாம். அவற்றோடு, நோயை வெளியே சொல்லக் கூசும் வெட்கமும் ஒரு பெருங்காரணம்.

அந்த வெட்கத்தின் சுமை பெண்கள்மீதே மிகுதியாக விழுகிறது. மகளுக்கு வலிப்பு உண்டென்று தெரிந்தால் வரன் அமையாது என அஞ்சிப் பெற்றோர் நோயை மறைக்கின்றனர். புகுந்த வீட்டில் அவள் மாத்திரை அட்டையைப் புடைவை மடிப்புக்குள் ஒளித்துவைத்து, எவரும் பாராத பொழுதில் விழுங்குகிறாள். விருந்தினர் நிறைந்த வீட்டில் ஒருநாள் அதற்கு வாய்ப்பில்லாமல் போகிறது. திருமண நாள்களின் உறக்கமின்மையும் சேர்ந்துகொள்ள, அடங்கியிருந்த வலிப்பு திரும்புகிறது. கருவுற்ற காலத்தில் இடர் இன்னும் பெரிது. வால்புரோயேட் போன்ற மருந்துகள் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு விளைவிக்கக்கூடும். ஆகவே கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைக் கலந்து மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தானாக நிறுத்துவதும் ஆபத்து. கணவனுக்கே தெரியாமல் மருந்துண்பவள் எந்த மருத்துவரிடம், எவர் துணையோடு செல்வாள்?

இக்கொடுமைக்குச் சட்டமே துணைநின்ற காலமும் உண்டு. இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் செய்யப்பட்ட திருத்தம், மீண்டும் மீண்டும் வரும் மனப்பிறழ்வோடு வலிப்பையும் சேர்த்துவைத்து, இரண்டையும் திருமணத்துக்குத் தடையாக்கிற்று. இந்திய வலிப்பு நோய்ச் சங்கத்தின் நெடிய முயற்சிக்குப் பின், 1999-இல்தான் அத்தடை நீங்கியது. சட்ட நூலிலிருந்து நீங்கிக் கால் நூற்றாண்டு கடந்தும் அது பெண் பார்க்கும் கூடங்களில் உயிரோடிருக்கிறது. சட்டத்தைத் திருத்திய அரசு, திருத்திய செய்தியை வீடுதோறும் கொண்டுசேர்க்கவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், காசிடி மேகன் என்னும் வலிப்பு நோயுள்ள ஒன்பது வயதுச் சிறுமி, தாம் தனித்தவர் அல்லர் என்பதைத் தன்போன்ற பிள்ளைகள் உணர வேண்டுமென்று விரும்பினாள். 2008-இல் அவள் முயற்சியால் மார்ச் 26, வலிப்பு நோய் விழிப்புணர்வுக்கான ஊதா நாள் ஆயிற்று. நான்கே ஆண்டுகளில், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை ஏற்று, அந்நாட்டு நாடாளுமன்றம் அந்நாளைச் சட்டமாக்கியது. ஒரு குழந்தையின் வேண்டுகோளுக்கு அங்கே செவிசாய்த்தார்கள். இங்கே ஒரு கோடிப் பேரின் துயர் இன்னும் அவையேறவில்லை.

நாள் ஒன்றை அறிவிப்பதால் நோய் தீருமா என்று கேட்போர் உண்டு. வெறும் அறிவிப்பால் தீராதுதான். அரசின் நாளாக அமையுமானால், அன்று ஒவ்வொரு பள்ளியிலும் பேருந்துப் பணிமனையிலும் காவல் நிலையத்திலும் முதலுதவிப் பயிற்சி நடத்தும் கடமை அரசுக்கு உண்டாகும். வலிப்பில் துடிப்பவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இரும்பு வலிப்பை நிறுத்தாது. வலிப்பு சிறிது நேரத்தில் தானே அடங்குவதால், இரும்பே அடக்கியது என நம்பிவிடுகிறோம். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மெத்தென்று ஏதேனும் வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினால் போதும். வாயில் எதையும் நுழைக்கவோ ஊற்றவோ கூடாது. ஐந்து நிமிடத்தைக் கடந்தும் நிற்காவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். இதைப் பத்து வயதுப் பிள்ளையும் கற்றுக்கொள்ளலாம்.

வருமுன் காக்கும் வழிகளையும் அன்று எடுத்துரைக்கலாம். வலிப்பு நோய் கண்டோருள் நால்வரில் ஒருவருக்கு அதைத் தடுத்திருக்க முடியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. பேறுகாலக் கவனிப்பு, தலைக்கவசம், மூளையில் கட்டியாகத் தங்கும் நாடாப்புழுக் குடம்பிகளைத் தவிர்க்கக் கழிப்பறையும் கைகழுவலும் ஆகிய இவையே அந்த வழிகள்.

2022-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற செயல்திட்டம், 2031-க்குள் இந்நோயுள்ளோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தம் நோய் சிகிச்சையால் கட்டுப்படும் மூளை நோய் என்பதை அறிந்திருக்க வேண்டும் என்கிறது. நமக்குள்ள காலம் குறுகியது. தமிழகத்திலிருந்து மக்களவை சென்றுள்ள 39 பேருள் ஒருவரேனும், நவம்பர் 17-ஐ அரசின் நாளாக்கும் தனிநபர் மசோதாவை வரும் கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும். கட்சி வேறுபாடின்றி ஏனையோர் அதற்குத் துணைநிற்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.