இரத்தத்தில் இருந்தால் தண்டுவடத்திலும் இருக்குமா?

கால்கள் விறைத்து நடை தடுமாறும் ஒரு தண்டுவட நோயைத் தென்னிந்திய நோயாளிகளிடம் கண்டு, 1969-இல் கே.எஸ். மணி உள்ளிட்ட மூவர் விவரித்தார்கள். இதே சாயல் கொண்ட நோயாளிகள் 17 பேரை 1985-இல் மார்த்தினிக் தீவில் சோதித்தபோது, 10 பேரின் இரத்தத்தில் எச்.டி.எல்.வி-1 வைரசுக்கான எதிர்ப்பான்கள் இருந்தன. இந்த நோய் இல்லாதவர்களிலும் 4 விழுக்காட்டினரிடம் அவை இருந்தன. இந்த இரண்டாவது எண்ணைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். அந்த வைரசைச் சுமப்போரில் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானவர்களுக்கே தண்டுவடம் பழுதாகிறது. ஆகவே இரத்தச் சோதனை உடலில் வைரஸ் இருப்பதைச் சொல்லுமே தவிர, காலை முடக்கியது அதுதான் என்று சொல்லாது.

இந்தப் பாடம் சென்னைக்கு இன்னும் நெருக்கமானது. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றை 1986-இல் இங்கே கண்டறிந்தவர் சுனிதி சாலமன். எச்.ஐ.வி. தண்டுவடத்தைச் சிதைக்கக்கூடும், அந்தச் சிதைவு பி12 சத்துக் குறைவால் வருவதை அப்படியே ஒத்திருக்கும். அதே நோயாளிக்கு முதுகெலும்புக் காசநோயும் இருக்கலாம். காசநோய்க்கும் பி12 குறைவுக்கும் மருந்து உண்டு. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகப் பழியை அதன்மேல் போட்டுவிட்டால், குணமாக்கக்கூடிய நோய் கவனிப்பாரின்றிப் போகும்.

ஆகவே, தண்டுவடம் நசுங்கவில்லை என்று ஸ்கேனில் உறுதி செய்த பிறகு, முதுகுத்தண்டு நீரையும் அதே நாளில் எடுத்த இரத்தத்தையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். நீரில் வைரசின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை மட்டும் போதாது. எடுத்துக்காட்டாக, அக்கி வைரஸ் தண்டுவடத்தைத் தாக்கிச் சில நாள் ஆனபின் பி.சி.ஆர். பொய்யாக ‘இல்லை’ என்று காட்டலாம். அக்கிக் கொப்புளமே இல்லாமலும் அந்தத் தண்டுவட நோய் வரும். இரத்தத்தோடு ஒப்பிடுகையில் நீரில் எதிர்ப்பான் அளவுக்கு மீறி இருந்தால், அது நரம்பு மண்டலத்துக்குள்ளேயே உருவானது என்று கொள்ளலாம். இதற்கு மாறாக, ஊசி குத்தும்போது கசிந்த இரத்தத்தால் நீரில் வைரஸ் இருப்பதுபோல் தோன்றவும் கூடும்.

இந்த நீரை எடுக்க முதுகில் ஊசி குத்தினால் கால் போய்விடும் என்ற அச்சம் நம்மிடம் உண்டு. தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி இறங்குகிறது. தலைவலி வரலாம், கால் முடங்குவது மிக அரிது. எச்.டி.எல்.வி-1-க்கு மருந்தே இல்லாதபோது எதற்குத் தேட வேண்டும் என்றும் கேட்கலாம். அக்கி வைரசுக்கு அசைக்ளோவிர் இருக்கிறதே! எச்.டி.எல்.வி-1-ஓ தாய்ப்பாலாலும் இரத்தம் ஏற்றுவதாலும் பரவுவது. நம் இரத்த வங்கிகளின் கட்டாயச் சோதனைப் பட்டியலில் அது இல்லை. ஒருவரிடம் கண்டறிந்தால் குடும்பத்தில் அடுத்தவரைக் காக்கலாம். செலவு ஒரு நியாயமான தடைதான். அதனால்தான் இந்த இணைச் சோதனை அரசு மருத்துவக் கல்லூரிகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.