நாளைக்கு மழைன்னு சொல்றாங்க, 3 வாரம் கழித்து வரும் மழையைச் சொல்ல முடியாதா? சூப்பர் கம்ப்யூட்டரையே திணறடிக்கும் எம்ஜேஓ: முழு விளக்கம்

2023 டிசம்பர் 17, 18. தென் மாவட்ட மக்களால் மறக்க முடியாத இரண்டு நாட்கள். தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. வடகிழக்கு பருவமழையின் மூன்று மாதங்களிலும் சேர்த்து தமிழகத்துக்கு சராசரியாகக் கிடைப்பதே சுமார் 44 செ.மீ.தான். அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ஒரே நாளில்! ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் வெள்ளத்தில் சிக்கி, நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தனர்.

தண்ணீர் வடிவதற்குள் வாக்குவாதம் கிளம்பியது. வந்த எச்சரிக்கை போதுமானதாக இல்லை என்றது மாநில அரசு தரப்பு. 5 நாட்களுக்கு முன்பே சொல்லிவிட்டோம் என்றது மத்திய அரசு தரப்பு.

யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் மழையை எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல முடியும்? அதற்கு எது தடையாக இருக்கிறது? உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி இது.

நடுவில் விழுந்த ஓட்டை

நாளை மழையா, நாளை மறுநாள் வெயிலா என்பதை இப்போது ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது. ஒரு வாரம், பத்து நாள் தாண்டினால் நம்பகத்தன்மை சரசரவென குறைந்துவிடும். காரணம், இன்றைய காற்று, ஈரப்பத அளவீட்டில் இருக்கும் ஒரு சின்னப் பிழை நாள் போகப்போக பெருகிக்கொண்டே போகும். இதை 1963-லேயே விளக்கியவர் அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் லாரன்ஸ்.

இன்னொரு பக்கம், இந்த சீசனில் மழை சராசரியைவிட அதிகமா, குறைவா என்ற கணிப்பும் வருகிறது. எல் நினோ போன்ற, மாதக்கணக்கில் நீடிக்கும் கடல் மாற்றங்கள் அதற்குக் கைகொடுக்கின்றன.

இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் 2 முதல் 4 வாரம் வரையிலான காலம். ஏரியில் எவ்வளவு தண்ணீர் வைக்கலாம், அறுவடையை முன்கூட்டியே முடிக்கலாமா, மீட்புப் படையை எங்கே தயாராக நிறுத்தலாம் என எல்லா முடிவுக்கும் தேவைப்படுவது இந்தக் காலத்தின் கணிப்புதான். ஆனால் கணிப்பு பலவீனமாக இருப்பதும் இங்கேதான்.

எம்ஜேஓன்னா என்ன?

இந்த ஓட்டையை அடைக்க விஞ்ஞானிகள் நம்பியிருக்கும் முக்கியமான விஷயம், மேடன்-ஜூலியன் அலைவு. சுருக்கமாக எம்ஜேஓ.

அமெரிக்காவைச் சேர்ந்த ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் என்ற இரு விஞ்ஞானிகள், பசிபிக் கடலில் உள்ள கேண்டன் தீவில் சுமார் 10 ஆண்டுகளாகப் பதிவான காற்றுத் தகவல்களை அலசினார்கள். 40 முதல் 50 நாட்களுக்கு ஒருமுறை காற்றின் போக்கு மாறி மாறி வருவது தெரிந்தது. 1971-ல் அதை வெளியிட்டார்கள்.

சிம்பிளாகச் சொன்னால், எம்ஜேஓ என்பது பல ஆயிரம் கிலோமீட்டர் அகலம் கொண்ட ஒரு மேகக் கூட்டத்தின் ஊர்வலம். பெரும்பாலும் இந்தியப் பெருங்கடலில் கிளம்பி, இந்தோனேசியத் தீவுகளைக் கடந்து, பசிபிக் நோக்கி கிழக்கே நகரும். வேகம் விநாடிக்கு சுமார் 5 மீட்டர்தான். ஒரு சைக்கிள் போகும் வேகம்! மெதுவாக நகர்வதால்தான், இன்று இங்கே இருந்தால் மூன்று வாரம் கழித்து எங்கே இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது.

நம்ம ஊருக்கு என்ன சம்பந்தம்?

எம்ஜேஓ பூமியின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை 8 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 2, 3-ம் கட்டங்களில் அது இந்தியப் பெருங்கடலில் இருக்கும். வடகிழக்கு பருவமழை நேரத்தில் அது இந்தப் பக்கம் வலுவாக இருந்தால், வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகவும், நல்ல மழை கிடைக்கவும் வாய்ப்பு கூடும். பசிபிக் பக்கம் போய்விட்டால் இங்கே மழைக்கு இடைவேளை விழலாம்.

ஆனால் வாசல் திறந்திருந்தால் விருந்தாளி வந்தே தீருவார் என்று சொல்ல முடியாதே! எம்ஜேஓ சாதகமாக இருந்தும் மழை ஏமாற்றுவது உண்டு. சாதகமாக இல்லாதபோதும் ஒரு காற்றுச் சுழற்சி நின்று பெய்துவிட்டுப் போவதும் உண்டு.

சூப்பர் கம்ப்யூட்டர் இருந்தும் ஏன் திணறல்?

கிளைமேட் மாடல் என்பது பூமியைச் சின்னச் சின்ன கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடும் மென்பொருள். வழக்கமான மாடலில் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 100 கி.மீ. சென்னையும் காஞ்சிபுரமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரு இடிமேகத்தின் அகலமோ சில கிலோமீட்டர்தான். அதை மாடலால் நேரடியாகப் பார்க்க முடியாது. இவ்வளவு ஈரப்பதம், இவ்வளவு வெப்பம் இருந்தால் இவ்வளவு மழை பெய்யும் என்று ஒரு தோராய விதியை எழுதிக் கொடுக்கிறார்கள்.

குளிர்நாடுகளில் இது ஓரளவு சமாளிக்கக்கூடிய குறை. அங்கே குளிர்காற்றும் சூடான காற்றும் மோதும் பெரிய எல்லைகள்தான் வானிலையைத் தீர்மானிக்கின்றன. மாடலுக்கு அது நன்றாகவே தெரியும். வெப்பமண்டலத்தில் மேகம்தான் எஞ்சின். மேகம் வெளியிடும் வெப்பம் காற்றை இழுக்கிறது, அந்தக் காற்று அடுத்த மேகத்தை வளர்க்கிறது. மேகத்தைப் பற்றிய விதி தப்பினால் எல்லாமே தப்பும்.

அதனால்தான் பல மாடல்களில் எம்ஜேஓ பலவீனமாக வருகிறது, அல்லது இந்தோனேசியத் தீவுகளைத் தாண்டுவதற்குள் கலைந்துவிடுகிறது.

போஸ்ட்டாக்டோரல் ஆராய்ச்சியாளர்கள் என்ன செய்றாங்க?

பிஎச்டி முடித்துவிட்டு, நிரந்தர வேலைக்கு முன் ஓரிரு ஆண்டு ஒப்பந்தத்தில் ஆய்வு செய்பவர்கள் இவர்கள். இந்தத் துறையில் மாடலுக்குள் இறங்கிப் பிழை தேடும் வேலையில் பெரும்பகுதி இவர்கள் தலையில்தான்.

நிலமே இல்லாத, முழுக்க கடலாக இருக்கும் ஒரு கற்பனை பூமியை உருவாக்கி, அதில் எம்ஜேஓ தானாக வருகிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. கடல் வெப்பத்தை 4 டிகிரி ஏற்றிவிட்டு என்ன மாறுகிறது என்று பார்ப்பது இன்னொன்று. கடந்த 20 ஆண்டு வானிலையை மாடலை வைத்து மறுபடி கணிக்கச் சொல்லி, உண்மையில் நடந்ததோடு ஒப்பிடுவதும் உண்டு.

இதில் ஒரு பெரிய தலைவலி இருக்கிறது. மேக விதியை மாற்றி எம்ஜேஓவைச் சரிசெய்தால், பல மாடல்களில் சராசரி மழை கெட்டுவிடுகிறது. அதைச் சரிசெய்தால் இது கெடுகிறது. 50 ஆண்டாக முடியாத சிக்கலை எடுத்துக்கொள்பவருக்குக் கிடைக்கும் அவகாசமோ, இந்தியாவின் தேசிய போஸ்ட்டாக்டோரல் ஃபெலோஷிப் கணக்குப்படி, 2 ஆண்டு!

இந்தியா எங்கே நிற்கிறது?

2025 மே மாதம் ‘பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்’ அறிமுகமானது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இந்த மாடலின் கட்டம் 6 கி.மீ. முன்பு இருந்தது 12 கி.மீ. ‘அர்கா’ என்ற சூப்பர் கம்ப்யூட்டரில் இது ஓடுகிறது. சில நாட்களுக்கான கணிப்புக்கு இது பெரிய பலம்.

2 முதல் 4 வாரத்துக்கான கணிப்பை இந்திய வானிலை ஆய்வு மையம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் தனியாக வெளியிடுகிறது. எம்ஜேஓ எங்கே இருக்கிறது, எங்கே போகும் என்பதும் அதில் இருக்கும். மூன்று மணி நேரத்தில் மழை என்ற அலெர்ட் அளவுக்கு இது மக்களிடம் போய்ச் சேர்வதில்லை.

விதியே மாறுகிறதா?

புனே நிறுவனத்தின் விஞ்ஞானி ராக்ஸி மேத்யூ கோல் தலைமையிலான குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரு புதுச் சிக்கலைக் காட்டியது. 1981 முதல் 2018 வரையிலான தகவல்களைப் பார்த்தபோது, எம்ஜேஓ மேகக் கூட்டம் இந்தியப் பெருங்கடலில் தங்கும் காலம் சராசரியாக 19 நாளிலிருந்து 15 நாளாகக் குறைந்திருந்தது. இந்தோனேசியா, மேற்கு பசிபிக் பக்கம் தங்குவது கூடியிருந்தது. கடல் சூடாகிக்கொண்டே போவதுதான் பின்னணி. அதாவது, மாடல்கள் இன்னும் சரியாகப் படித்து முடிக்காத பாடப்புத்தகமே மாறிக்கொண்டிருக்கிறது.

அப்போ காயல்பட்டினம் மழையைச் சொல்ல முடியுமா?

மூன்று வாரத்துக்கு முன்பே, இந்த ஊரில் இத்தனை செ.மீ. என்று? முடியாது. யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால், அந்த வாரம் தென் வங்கக்கடல் பக்கம் கனமழைக்கு வாய்ப்பு வழக்கத்தைவிட அதிகம் என்ற அளவுக்குச் சொல்ல முடிகிற நாட்கள் உண்டு. எம்ஜேஓவின் நகர்வை நல்ல மாடல்கள் 3 முதல் 4 வாரம் வரை பின்தொடர்கின்றன. ஏரி மதகைக் கொஞ்சம் முன்னதாகத் திறக்க, வாய்க்காலைத் தூர்வார, படகுகளைக் கொண்டுபோய் நிறுத்த அந்த அளவே போதும். மழை வராமல் போனால் வீண்பழி வரும் என்ற பயத்தைத் தாண்டி, வாய்ப்பை வைத்து முடிவெடுக்கும் பழக்கம் அதிகாரிகளுக்கு வேண்டும். சில முறை கணிப்பு தப்பும் என்று ஏற்றுக்கொள்ளும் பொறுமை மக்களுக்கும் வேண்டும்.

எச்சரிக்கை வந்ததா, வரவில்லையா என்ற சண்டை ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் வருகிறது. வந்த எச்சரிக்கையை வைத்து வெள்ளத்துக்கு முன் என்ன செய்தோம் என்ற கேள்வி மட்டும் தண்ணீரோடு வடிந்துவிடுகிறது.